விரைவு கூடலாம், விடை மாறலாகாது: கெர்னலின் நினைவகச் சோதனை குறித்து

ஒரு நிரல் நினைவகத்தின் ஏதேனும் ஒரு முகவரியைத் தொடும்போது, அம்முகவரி அந்நிரலுக்கு உரியதா, உரியதாயின் படிப்பதற்கு மட்டுமா, எழுதுவதற்குமா என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு இயங்குதளத்தின் கெர்னலைச் சார்ந்தது. இந்தச் சோதனையை எவ்வாறு விரைவுபடுத்துவது என்பது இயங்குதள ஆய்வின் நெடுநாள் கேள்விகளுள் ஒன்று. அண்மை ஆண்டுகளில் லினக்ஸ் கெர்னலில் இதற்காக நிகழ்ந்த மாற்றங்கள் பெரியவை. அவற்றால் விளைந்த பயனும் பெரிது; அவற்றின் ஊடே நுழைந்த பிழைகளும் சிறியவை அல்ல. அந்த வரலாறு ஆய்வு மாணவர்களுக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. சோதனையை விரைவுபடுத்துவது ஒன்று, சோதனையைக் குறைப்பது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாத எந்த ஆய்வேடும், அது காட்டும் விழுக்காடு எவ்வளவு உயர்ந்ததாயினும், முழுமை பெற்றதாகாது.

சித்தூருக்கு அருகிலுள்ள காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலால் அறியப்பட்ட ஊர். அப்பெயரின் முதலில் நிற்கும் ‘காணி’ தமிழில் நிலத்தையும் நிலத்தின்மீதான உரிமையையும் ஒருசேரக் குறிக்கும் சொல். ஆந்திரமாயினும் தமிழகமாயினும் இப்பகுதி உழவர்கள் ‘அடங்கல்’ என்னும் கிராமக் கணக்கை அறிவார்கள். எந்தப் புல எண்ணில் எவ்வளவு நிலம், அது யார் அனுபவத்தில் உள்ளது, அதில் என்ன பயிர் என்பதெல்லாம் அக்கணக்கில் இருக்கும். லினக்ஸ் கெர்னலில் ‘வி.எம்.ஏ.’ என்று சுருக்கமாக வழங்கப்படும் பதிவு ஏறத்தாழ இதே பணியைச் செய்கிறது. ஒவ்வொரு பதிவும் ஒரு தொடக்க முகவரி, ஒரு முடிவு முகவரி, படிக்க, எழுத, இயக்க உள்ள உரிமைகள், அப்பகுதி ஒரு கோப்பைச் சார்ந்ததா இல்லையா என்ற செய்தி ஆகியவற்றைத் தாங்கி நிற்கும். இத்தகைய பதிவுகளின் தொகுப்பே ஒரு செயல்முறையின் நினைவக அடங்கல். வழக்கமான அமைப்பில் ஒரு செயல்முறைக்கு ஏறத்தாழ 65,530 பதிவுகள் வரை இடமுண்டு.

நிரல் செய்யும் ஒவ்வொரு நினைவக அணுகலுக்கும் இந்தக் கணக்கு புரட்டப்படுவதில்லை. 4096 பைட் அளவுள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் உரிய முகவரி மாற்றத்தையும் உரிமையையும் பக்க அட்டவணை வழியே வன்பொருளே பார்த்துக்கொள்கிறது. அண்மையில் பார்த்த விடைகளை ‘டி.எல்.பி.’ என்னும் சிறு சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. அட்டவணையில் விடை இல்லாதபோதோ, உரிமை போதாதபோதோதான் ‘பக்கப்பிழை’ எழுகிறது. கெர்னல் விழித்துக்கொண்டு வி.எம்.ஏ. கணக்கைப் புரட்டுகிறது. முகவரி எப்பதிவிலும் அடங்காவிட்டால் நிரல் நிறுத்தப்படும். அடங்கினால் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டு நிரல் தொடரும். ஆக, விரைவுபடுத்த வேண்டிய இடம் இந்தப் பக்கப்பிழைப் பாதையே.

பல்லாண்டுகளாக இப்பாதையின் இடர் தேடுதலில் இருந்ததைவிடக் காத்திருத்தலில் அதிகம் இருந்தது. ஒரு செயல்முறையின் முழு நினைவகக் கணக்குக்கும் ஒரே ஒரு பூட்டு. முன்பு ‘எம்மேப் செம்’ என்றும், 2020இல் வந்த 5.8ஆம் பதிப்பு முதல் ‘எம்மேப் லாக்’ என்றும் அது அழைக்கப்படுகிறது. படிப்போர் பலர் ஒரே நேரத்தில் அதைப் பிடிக்கலாம். எழுதுபவர் ஒருவர் வந்தால் மற்ற அனைவரும் நிற்க வேண்டும். கிராமத்துக்கு ஒரே அடங்கல் புத்தகம் இருந்து, ஒரு மூலையில் ஒருவரது நிலம் பிரிக்கப்படும்போது, அதற்குத் தொடர்பே இல்லாத மறுமூலை நிலத்தைப் பார்க்க வந்தவரும் வரிசையில் காத்திருப்பது போன்றது இது. நூற்றுக்கணக்கான இழைகளை ஓட்டும் தரவுத்தளங்களும், தொடக்கத்திலேயே பல இழைகளை எழுப்பி நினைவகத்தை ஒதுக்கும் ஆண்ட்ராய்டு செயலிகளும் இந்த வரிசையில் நேரத்தை இழந்தன.

தீர்வுகளாக இரு வழிகள் முன்வந்தன. முதலாவது ‘ஊகப் பக்கப்பிழை’. பூட்டைப் பிடிக்காமலேயே வேலையைத் தொடங்கி, முடிவில் கணக்கு இடையில் மாறிவிட்டதா என்று பார்த்து, மாறியிருந்தால் முதலிலிருந்து தொடங்குவது அதன் அடிப்படை. பீட்டர் சைல்ஸ்ட்ரா தொடங்கிவைத்த இந்த எண்ணத்தை லாரன் டுஃபோர், மிஷேல் லெஸ்பினாஸ் ஆகியோர் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தனர். அளவீடுகள் நன்றாக இருந்தும், சிக்கல் மிகுந்ததென்று கருதப்பட்டு அது முதன்மைக் கெர்னலில் இடம்பெறவில்லை. இரண்டாவது வழி, ஒவ்வொரு வி.எம்.ஏ.வுக்கும் தனிப் பூட்டு. கூகுளில் பணியாற்றும் சூரன் பக்தசாரியான் எழுதிய இத்திருத்தத் தொகுப்பு 2023 ஜூனில் வெளியான 6.4ஆம் பதிப்பில் சேர்ந்தது. ஊகப் பக்கப்பிழை தந்த பயனில் ஏறத்தாழ 75 விழுக்காட்டையே தன் வழி தருகிறது என்று அவரே தம் அறிமுகக் குறிப்பில் எழுதியிருந்தார். சிக்கல் குறைவு என்பதே அவர் முன்வைத்த வாதம். அந்த வாதம் ஏற்கப்பட்டது.

ஆய்வுலகம் இந்த முடிவைக் கூர்ந்து நோக்க வேண்டும். கால் பங்குப் பயனை விட்டுக்கொடுத்து, படித்துப் புரிந்துகொள்ளத்தக்க ஒரு வழியை ஒரு பொறியியல் சமூகம் தேர்ந்தது. பெரும்பாலான கருத்தரங்கக் கட்டுரைகளின் மதிப்பீட்டு அட்டவணையில் இந்த வரிசையே இராது. நூற்றுக்கு நூறு தரும் வழியும் எழுபத்தைந்து தரும் வழியும் அருகருகே நின்றால், முதலாவதே கட்டுரையாகும், இரண்டாவது அடிக்குறிப்பாகும்.

தனிப் பூட்டின் அமைப்பிலும் ஒரு பாடம் உண்டு. எழுதுபவர் தாம் மாற்றப்போகும் ஒவ்வொரு பதிவிலும் ஒரு வரிசை எண்ணைப் பொறிக்கிறார். அந்த எண் முழுக் கணக்கின் நடப்பு எண்ணோடு ஒத்திருந்தால், அப்பதிவு பூட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். வேலை முடிந்ததும் கணக்கின் எண் ஒன்று கூட்டப்படுகிறது. பூட்டிய பதிவுகள் அனைத்தும் ஒரே நொடியில் திறந்துவிடுகின்றன. பக்கப்பிழையில் வருபவர் பதிவைத் தேடி, அதன் பூட்டைப் பிடித்து, பிடித்த பின்பும் அப்பதிவு கணக்கிலிருந்து நீக்கப்படவில்லையே, முகவரி இன்னும் அதன் எல்லைக்குள் இருக்கிறதே என்று மறுமுறை பார்க்கிறார். எதிலேனும் ஐயம் எழுந்தால் விரைவுப் பாதையைக் கைவிட்டுப் பழைய பொதுப் பூட்டின் வரிசையில் சென்று நிற்கிறார். இந்தப் பின்வாங்கும் வழியே இவ்வமைப்பின் உயிர். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் விரைவாகச் செய். தெரியாததைப் பழைய வழியில் செய்: இதுவே அதன் நெறி.

தேடுதலும் மாறியது. 2022 டிசம்பரில் வெளியான 6.1ஆம் பதிப்பில், லியம் ஹௌலெட், மேத்யூ வில்காக்ஸ் ஆகியோர் உருவாக்கிய ‘மேப்பிள் மரம்’ பழைய சிவப்பு-கருப்பு மரத்தின் இடத்தைப் பிடித்தது. கணுவுக்கு இரு கிளைகளே உள்ள மரத்தில் 65,530 பதிவுகளை அடுக்கக் குறைந்தது 16 படிகள் வேண்டும். ஒரே கணுவில் பல எல்லைகளைத் தாங்கும் மேப்பிள் மரத்தில், கணுக்கள் நிறைந்திருந்தால் ஐந்து படிகள் போதும். அதைவிட முக்கியமாக, எழுதுபவர் மாற்றிக்கொண்டிருக்கும்போதே பூட்டின்றிப் படிப்பதற்கு அது இடம் தருகிறது.

அவ்வாறு பூட்டின்றிப் படிப்பதற்கு அடித்தளமாக உள்ள ‘ஆர்.சி.யூ.’ முறைக்கும் இந்தியாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பழைய படியை உடனே அழிக்காமல், அதைப் படித்துக்கொண்டிருப்போர் அனைவரும் விலகும்வரை வைத்திருந்து பின்னர் அழிப்பது ஆர்.சி.யூ.வின் சாரம். பால் மெக்கென்னியின் பெயரோடு இம்முறை அறியப்பட்டாலும், 2002 அக்டோபரில் லினக்ஸ் 2.5.43இல் இது சேர்ந்ததில் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பிரிவிலிருந்த தீபங்கர் சர்மாவின் உழைப்பு முதன்மையானது. அதே பிரிவின் மனீஷ் சோனியும் அவரும் கோப்புப்பெயர்ச் சேமிப்பில் இம்முறையைப் பயன்படுத்திக் காட்டினர். இயங்குதளக் கெர்னலின் உட்பகுதி தொலைதேசத்தார் எழுத, இங்குள்ளோர் பயன்படுத்தும் பொருள் என்ற எண்ணம் வகுப்பறைகளில் இன்னும் நீடிப்பது இந்த வரலாறு கற்பிக்கப்படாததால்தான்.

இனிப் பிழைகளுக்கு வருவோம். 2023 ஜூலையில் ‘ஸ்டாக்ராட்’ என்னும் பாதுகாப்புக் குறை வெளிவந்தது; அதன் பதிவு எண் சி.வி.இ. 2023-3269. பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ருய்ஹான் லி அதைக் கண்டறிந்தார். ஒரு செயல்முறையின் அடுக்கு நினைவகம் விரியும்போது, பதிவின் எல்லை முகவரியைப் படிப்போர் பூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மாற்றும் வழக்கம் கெர்னலில் நெடுங்காலமாக இருந்தது. பழைய மரத்தில் அது ஒரு பதிவுக்குள் ஓர் எண்ணை மாற்றுவது மட்டுமே, எவருக்கும் தீங்கில்லை. மேப்பிள் மரத்திலோ எல்லை மாறினால் ஒரு கணுவே புதிதாக எழுதப்பட்டுப் பழைய கணு ஆர்.சி.யூ. முறையில் அழிக்கப்படலாம். பொதுப் பூட்டை நம்பிப் படித்துக்கொண்டிருந்தவர் ஆர்.சி.யூ.வின் பாதுகாப்பைப் பெற்றிருக்கவில்லை. அழிக்கப்பட்ட கணுவை அவர் தொடர்ந்து படித்தார். சாதாரணப் பயனர் ஒருவர் கெர்னலின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழியாயிற்று.

இதில் எந்த வரியும் தனித்துப் பார்க்கையில் தவறானதன்று. மரம் தன் விதிப்படி சரி. அடுக்கை விரிக்கும் பகுதி தன் பழைய விதிப்படி சரி. இரண்டுக்கும் இடையே எழுதப்படாமல் கிடந்த உடன்பாடு ஒன்று முறிந்தது. விரைவுபடுத்தும் பணியில் மிகுந்த ஆபத்து எழுதப்படாத உடன்பாடுகளில்தான் உறைந்திருக்கிறது.

அதே மாதத்தில் மற்றொன்றும் தெரியவந்தது. ஒரு செயல்முறை தன்னைப் பிரதியெடுத்துப் புதியதொன்றை உருவாக்கும்போது, முன்பு பொதுப் பூட்டு மற்ற இழைகளின் பக்கப்பிழைகளைத் தடுத்துவைத்தது. தனிப் பூட்டு வந்தபின் அந்த இழைகள் விரைவுப் பாதையில் நுழைந்துவிட்டன. பிரதியின் நினைவகம் சிதைந்தது. இவ்வசதியை முடக்கிவைக்கும் திருத்தம்கூட எழுதப்பட்டது. பிரதியெடுக்கும் முன் தாய்ச் செயல்முறையின் எல்லாப் பதிவுகளையும் பூட்ட வேண்டும் என்பதே இறுதித் தீர்வு. 10,000 பதிவுகளை வைத்துக்கொண்டு 5,000 முறை தொடர்ந்து பிரதியெடுக்கும் கடுஞ்சோதனையில் இத்தீர்வு ஏறத்தாழ 5 விழுக்காடு வேகத்தைக் குறைக்கிறது என்று திருத்தக் குறிப்பிலேயே ஒளிவின்றி எழுதப்பட்டது. விடை சரியாக இருப்பதற்காக வேகத்தைத் திருப்பிக் கொடுப்பதில் எவரும் தயங்கவில்லை.

வன்பொருளும் இப்பாடத்தைக் கற்றிருக்கிறது. 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ‘மெல்ட்டவுன்’ குறையின் வேர், உரிமைச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் தரவை முன்கூட்டியே எடுத்துப் பயன்படுத்திய செயலி வடிவமைப்பில் இருந்தது. தவறான முடிவுகள் பின்னர் அழிக்கப்பட்டாலும் சேமிப்பில் அவற்றின் தடம் எஞ்சியது. அதை மறைக்கக் கெர்னலின் பக்க அட்டவணையைத் தனியே பிரிக்க வேண்டியதாயிற்று. தள்ளிப்போட்ட சோதனையால் பெற்ற வேகத்தில் ஒரு பகுதி, ஒவ்வொரு கெர்னல் அழைப்பிலும் திரும்பச் செலுத்தப்பட்டது.

ஆனால் எல்லாச் சோதனைகளும் ஒரே தன்மையன அல்ல. இங்கேதான் ஆய்வு மாணவர்கள் ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். பல நினைவகத் தொகுதிகள் உள்ள பெரிய கணினிகளில், எந்தப் பக்கத்தை எந்தச் செயலி மிகுதியாகத் தொடுகிறது என்று அறிய, லினக்ஸ் அவ்வப்போது வி.எம்.ஏ.க்களை வரிசையாக அலசுகிறது. இந்த அலசலே சில வேளைகளில் சுமையாகும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ராகவேந்திரா கே.டி. எழுதி 6.4ஆம் பதிப்பில் சேர்ந்த திருத்தம், ஒவ்வொரு பதிவிலும் அதை அண்மையில் தொட்ட இழைகள் எவை என்ற குறிப்பை வைக்கிறது. தொடாத இழை அப்பதிவை அலசாமல் தாண்டிச் செல்கிறது. இங்கே சோதனை உண்மையாகவே குறைக்கப்படுகிறது. அதனால் சில பதிவுகள் அலசப்படாமலேயே விடுபடும் நிலை உண்டாயிற்று. மெல் கோர்மன் பின்னர் எழுதிய திருத்தங்கள் அதைச் சீர்செய்தன. எனினும் அந்த இடைக்காலத்தில் எவருடைய தரவும் களவு போகவில்லை. பக்கம் தொலைவான தொகுதியில் சற்றுக் கூடுதல் நேரம் இருந்தது, அவ்வளவே.

பெரும்பக்கங்கள் பற்றிய ஆய்வும் இவ்வகையைச் சேர்ந்தது. 512 சிறு பக்கங்களுக்கு மாற்றாக 2 எம்.பி. அளவுள்ள ஒரே பக்கத்தைக் கொடுத்தால் பக்கப்பிழைகள் குறையும். நினைவகம் வீணாகவும் கூடும். எந்த நிரலுக்கு எப்போது கொடுப்பது என்பதை ஆராய்ந்த ‘ஹாக்ஐ’ என்னும் பணி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், டெல்லி ஐ.ஐ.டி. ஆகியவற்றின் கூட்டில் ஆஷிஷ் பன்வர், சோரவ் பன்சால், கே. கோபிநாத் ஆகியோரால் செய்யப்பட்டு 2019இல் வெளியானது. அதன் ஊகம் ஒருமுறை தவறினால் இழப்பு நேரமும் இடமுமே.

எனவே இருவகைகளுக்குத் தனித்தனிப் பெயர் தேவை. காவல் சோதனை, கணிப்புச் சோதனை என்று அவற்றை அழைக்கலாம். கணிப்புச் சோதனையில் துணிச்சல் நல்லது; பத்தில் ஒன்று தவறினாலும் ஒன்பதின் பயன் நிற்கும். காவல் சோதனையில் கோடியில் ஒன்று தவறினாலும், அந்த ஒன்றைத் தேடி வருபவர் ஒருவர் இருப்பார். காணிப்பாக்கத்தில் விநாயகர் முன் சத்தியம் செய்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் மரபு உண்டு. அங்கே சொன்ன சொல்லை இருதரப்பும் மறுபேச்சின்றி ஏற்பதால்தான் வழக்கு முடிகிறது. சிலருக்கு மட்டும் விலக்கு உண்டென்று தெரிந்தால் அம்மரபே நிலைக்காது. காவல் சோதனையின் மதிப்பும் அத்தகையதே.

இவ்வேறுபாட்டைக் கற்பிக்க ஆயிரம் செயலிகள் கொண்ட கணினி வேண்டியதில்லை. எம்.ஐ.டி.யில் கற்பித்தலுக்காக எழுதப்பட்ட ‘எக்ஸ்.வி.6’ என்னும் சிறு இயங்குதளம், சென்னை ஐ.ஐ.டி.யின் செஸ்டர் ரெபேரோ என்.பி.டி.இ.எல். வழியே நடத்திய பாடம் உட்பட, இந்தியாவில் பல இடங்களில் பயன்பட்டுவருகிறது. அதன் 32 பிட் வடிவத்தில், பயனர் தந்த முகவரியிலிருந்து 4 பைட் எண்ணைப் படிக்கும் முன் இரு ஒப்பீடுகள் உள்ளன: முகவரி எல்லையைத் தாண்டுகிறதா? முகவரியோடு 4 கூட்டினால் எல்லையைத் தாண்டுகிறதா? இரண்டாவதே போதுமே, முதலாவது எதற்கு என்று தோன்றும். முதலாவதை நீக்கிவிட்டால் ஓர் ஒப்பீடு மிச்சம். வழக்கமான எல்லாச் சோதனை நிரல்களும் முன்போலவே தேறும். ஆனால் 4,294,967,294 என்ற முகவரியைக் கொடுத்தால், 4 கூட்டும்போது எண் நிரம்பி வழிந்து 2 ஆகிவிடும். 2 எல்லைக்குள் இருப்பதால் சோதனை தேறிவிடும். தேவையற்றதாகத் தோன்றிய அந்த ஒப்பீடே காவலாக நின்றது. இந்த ஒரு பயிற்சி, விரைவு குறித்த பல உரைகளுக்கு ஈடாகும்.

திருப்பதி ஐ.ஐ.டி., திருவேங்கடவன் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம், சித்தூர், வேலூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் ஆகியவற்றில் இயங்குதளம் பயிலும் மாணவர்களுக்கு இத்துறையின் கதவு அடைக்கப்படவில்லை. கெர்னலின் மூலநிரல் திறந்தது. ஒவ்வொரு திருத்தத்தின் காரணமும் அதன் குறிப்பில் எழுதப்பட்டிருக்கிறது. பூட்டு ஒழுங்கைச் சோதிக்கும் ‘லாக்டெப்’, அழித்த நினைவகத்தைத் தொடுவதைக் கண்டுபிடிக்கும் ‘கேசான்’ ஆகிய கருவிகளும் அதனுடனேயே வருகின்றன. ஸ்டாக்ராட் குறையைக் கண்டறிந்தவர் ஒரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

தேவைப்படுவது மதிப்பீட்டு முறையில் ஒரு மாற்றம். சோதனையை விரைவுபடுத்தியதாகக் கூறும் எந்த ஆய்வேட்டிடமும் வழிகாட்டியும் தேர்வாளரும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இது காவல் சோதனையா, கணிப்புச் சோதனையா? பழைய வழி எந்த எழுதப்படாத உடன்பாட்டை நம்பியிருந்தது, புதிய வழி அதைக் காக்கிறதா? ஐயம் எழும்போது பின்வாங்கும் பாதை உள்ளதா, அப்பாதை சோதிக்கப்பட்டதா? எந்தச் சூழலில் இது முன்பைவிட மெதுவாகும்? கடைசிக் கேள்விக்கு விடையாக ஓர் எண்ணைத் தரும் ஆய்வேட்டுக்கு மதிப்பெண் குறையக் கூடாது, கூட வேண்டும். கெர்னல் திருத்தக் குறிப்பில் எழுதப்பட்ட அந்த 5 விழுக்காடு, எத்தனையோ கட்டுரைகளின் முகப்பில் மின்னும் உயர்ந்த எண்களைவிட நம்பத்தக்க அறிவியல்.

கைப்பேசிப் பணப்பரிமாற்றமும் மருத்துவமனைப் பதிவேடும் நிலப்பத்திரமும் இன்று ஏதோ ஒரு கெர்னலின் நினைவகக் கணக்கை நம்பியே ஓடுகின்றன. அக்கணக்கைப் புரட்டும் நேரத்தைக் குறைப்பது நல்ல ஆய்வு. கணக்கில் எழுதியது ஒன்று, சொல்லும் விடை வேறொன்று என்றாகாமல் காப்பது அதனினும் முந்திய கடமை.